ஒரு செல்லுக்கு இரண்டு உட்கரு

பள்ளிக்கூட நாட்களில் கலரக்காவுக்கு உயிரியல் என்றாலே ஆகாது. தவளை வரையச் சொன்னால், அவர் வரைந்ததைப் பார்த்துத் தவளையே சண்டைக்கு வந்திருக்கும். தப்பித்தால் போதும் என்று வணிகவியல் பக்கம் ஓடிப்போய் அங்கே நிம்மதியாகப் பாஸும் ஆனார். அந்த நிம்மதி கல்யாணம் வரைக்கும்தான். மாப்பிள்ளைக்குச் சொந்தத் தொழில் என்று சொன்னார்களே தவிர, என்ன தொழில் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. புகுந்த வீட்டில் காலெடுத்து வைத்தால் முன்னறையில் குறுக்கே வெட்டிய காது. அலமாரியில் வரிசையாக இதயங்கள். சாப்பாட்டு மேஜை ஓரத்தில் ஒரு சிறுநீரகம். பாவம், யாரோ ஆசையாக வாங்கிவைத்த அலங்காரப் பொருள் போலிருக்கிறது என்று நினைத்து அதை எடுத்துத் துடைத்தார். கையெல்லாம் சிவப்பு. பள்ளிகளுக்கு அறிவியல் மாடல் செய்து விற்கும் குடும்பம் அது என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான்.

கலரடிக்கும் ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அனுப்ப வேண்டிய மாடல்கள் வெள்ளை வெளேரென்று பேயாட்டம் நின்றுகொண்டிருந்தன. "சும்மா ஒரு கை அடிச்சுப் பாரேன்" என்று கணவர் தூரிகையைக் கொடுத்தார். அடித்துப் பார்த்த கை பிறகு கீழே இறங்கவேயில்லை. தவளைக்குத் துரோகம் செய்த அதே கை, இதயத்தின் மேல் ஓடும் ரத்தக்குழாய்களைப் பிசிறில்லாமல் இழுத்தது. அன்றிலிருந்து பட்டறைக்கு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அவர் கலரக்கா. கணவருக்கு மட்டும் "இந்தா". கணவரின் தம்பிக்கு அண்ணி. அண்ணன் தம்பி இருவரையும் ஊரார் பெரியவர், சின்னவர் என்பார்கள். இருவருக்கும் உயரம் ஒன்றுதான், கோபமும் ஒன்றுதான்.

பட்டறையில் அதிகம் விற்பது செல். இதயம் ஒரு பள்ளிக்கு ஒன்று போதும். செல் மாடல் வருஷத்துக்கு ஒருமுறையாவது எந்தப் பையன் கையிலாவது விழுந்து உடையும். ஆகவே கலரக்கா எதைப் படிக்கப் பயந்து ஓடினாரோ அதையே தினமும் தூரிகையால் படித்தார். உயிருள்ள எல்லாம் செல்லால் ஆனது, சில உயிர் ஒரே செல்லோடு குடும்பம் நடத்துகிறது, யானைக்குக் கோடானுகோடி செல். இந்த விஷயமெல்லாம் மாடலின் அடியில் ஒட்டும் சீட்டிலேயே இருந்தது. ஆனால் உள்ளே இருப்பவற்றை அவர் கலரால்தான் நினைவு வைத்துக்கொண்டார். மைட்டோகாண்ட்ரியா ஆரஞ்சு, சாப்பாட்டிலிருந்து சக்தியைப் பிரித்துத் தருகிற அடுப்பு அது, வேறென்ன கலர் அடிப்பது? ரைபோசோம் கருப்புப் புள்ளி. தூரிகையைத் திருப்பிப் பிடித்துப் பின்முனையால் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். புரதம் செய்கிற இடம் என்றாலும் கலரக்காவுக்கு அது கழுத்து வலி செய்கிற இடம். கோல்கை உறுப்பு ரோஸ். கவிழ்த்து அடுக்கிய தட்டு மாதிரி இருக்கும், செய்து வருகிற புரதத்தைப் பொட்டலம் கட்டி, போகவேண்டிய இடத்துக்கு அனுப்பும். லைசோசோம் பச்சை; கழிவை அரைக்கிற வேலை. சுற்றிலும் இருக்கும் சவ்வு மஞ்சள். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியிலேயே நிறுத்துவது என்று தீர்மானிக்கிற வாசற்காரர். எல்லாவற்றுக்கும் நடுவில் ஊதா நிறத்தில் உட்கரு. என்ன செய்ய வேண்டும் என்கிற குறிப்பு முழுக்க அதற்குள்தான்.

நிஜத்தில் பெரும்பாலான செல்லுக்கு இந்தக் கலர் எதுவும் கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும், சாயம் ஏற்றினால்தான் தெரியும் என்று ஒருமுறை டீச்சர் சொன்னார். டீச்சர் என்றால் நகரத்து அறிவியல் கூடத்தின் பொறுப்பாளர். முன்பு உயிரியல் நடத்தியவர், பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கலரக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"அப்ப நான் அடிக்கலேன்னா பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுங்க."

"அப்படியும் சொல்லலாம் அக்கா" என்றார் டீச்சர்.

இந்தப் பட்டறையில் அண்ணனும் தம்பியும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. உலகத்தில் சகோதரர்கள் நிலத்துக்காகப் பேசாமல் இருப்பார்கள், வீட்டுக்காகப் பேசாமல் இருப்பார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்காகப் பேசாமல் இருந்தவர்கள் அநேகமாக இவர்கள் மட்டும்தான். அது அவரை விதை மாதிரி இருக்கும் என்பது பெரியவர் கட்சி. அப்பா செய்துவைத்த அச்சு அப்படித்தான். இல்லை, அது நூல் மாதிரி நீண்டு கிளைவிட்டு ஓடும் என்று சின்னவர் எங்கோ படித்துவிட்டு வந்து, தனியாக ஒரு அச்சும் செய்துவிட்டார். "அப்போ அப்பா முட்டாளா?" என்று பெரியவர் கேட்டார். "நான் அப்பாவச் சொல்லல" என்றார் சின்னவர். யாரைச் சொன்னார் என்பது விளங்கிவிட்டதால் பேச்சு அன்றோடு நின்றது.

பேச்சு நின்றாலும் வேலை நிற்குமா? நடுவில் கலரக்கா ஓடினார். "அந்த மண்டூகத்துகிட்ட சொல்லு, அச்சுல ஊத்துற ரெசின் கெட்டியாயிடுச்சுன்னு" என்று இந்த முனையில் புறப்படும் செய்தி, அந்த முனையில் "தம்பி, உங்க அண்ணன் ரெசினப் பார்க்கச் சொன்னாரு" என்று போய்ச் சேரும். "கண்ணு இருந்தா அவரே பார்க்கலாமே" என்று கிளம்பும் பதில், "பார்க்கறாராம்" என்று திரும்பி வரும். உட்கருவில் உள்ள மூலக்குறிப்பு வெளியே வராது, அதன் நகல்தான் துளை வழியாக வெளியே போய் ரைபோசோமிடம் சேரும் என்று டீச்சர் விளக்கியபோது, "எங்க பட்டறையில அந்த நகல் நான்தான்" என்றார் கலரக்கா. "ஆனா நான் அப்படியே கொண்டுபோறதில்ல. பாதிய வழியிலேயே போட்டுட்டுத்தான் போறேன்."

"செல்லுலயும் அப்படி உண்டு அக்கா. நகல்ல வேண்டாத துண்டுகளை வெட்டிட்டுத்தான் வெளிய அனுப்பும்."

கலரக்காவுக்கு அன்று முழுக்கப் பெருமை.

பெருமை நிலைக்கவில்லை. சின்னவர் ஒருநாள் சாக்பீஸை எடுத்துப் பட்டறைத் தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு கோடு போட்டார். கோட்டின் மேல் சுவர் எழும்பும், ஆளுக்கொரு பாதி, ஆளுக்கொரு தொழில். பெரியவர் மறுக்கவில்லை. "நல்லதுன்னு சொல்லு" என்று கலரக்காவிடமே சொல்லி அனுப்பினார். கோடு போன வழியில் கலரக்காவின் மேஜை இருந்தது. அதன் மேலேயும் ஏறி இறங்கிப் போயிருந்தது. மேஜைக்கு நேரே இருந்த ஒரே ஜன்னல் கோட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது சின்னவர் பங்கில் போயிற்று. கலரக்காவுக்கு மிச்சம் டியூப்லைட்.

டியூப்லைட் வெளிச்சத்தில் ஆரஞ்சும் ரோஸும் ஒன்றுபோலத் தெரியும். அடுப்பு எது, பொட்டலம் கட்டுகிற இடம் எது என்று தெரியாமல் அடித்து, அதைப் பார்த்து ஒரு ஊர்ப் பிள்ளைகள் படிக்கும். கண்ணும் போகும், கையின் பேரும் போகும். "செடிக்குத்தான் செல்லைச் சுத்திச் சுவர் இருக்கும். நமக்கெதுக்கு?" என்று முணுமுணுத்துப் பார்த்தார். கணவர், "அவன்கிட்ட சொல்லு" என்றார். கொழுந்தன், "அவருகிட்ட சொல்லுங்க அண்ணி" என்றார். வாசலில் செங்கல் வந்து இறங்கியது.

அந்த நேரத்தில்தான் டீச்சர் ஒரு பெரிய வேலையோடு வந்தார். அறிவியல் கூடத்தில் புதிதாக ஒரு செல் வைக்க வேண்டும். கையில் பிடிக்கிற செல் அல்ல. பிள்ளைகள் சவ்வு வழியாக உள்ளே நுழைந்து, உட்கருவைச் சுற்றிப் பார்த்து, மறுபக்கம் வெளியே வருகிற மாதிரி, ஓர் அறை அளவுக்கு விலங்குச் செல். பட்டறைக் கதவு வழியே முழுசாக வெளியே போகாது என்பதால் இரண்டு பாதியாகச் செய்து அங்கே கொண்டுபோய் முடுக்கிக்கொள்வது என்று ஏற்பாடு. பெரியவர் ஒரு பாதி, சின்னவர் ஒரு பாதி. இதுதான் சேர்ந்து செய்யும் கடைசி வேலை, முடிந்ததும் கொத்தனார் வருவார்.

கலரக்கா உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டார். இவ்வளவு பெரிய வேலையைப் பேசாமல் செய்யவே முடியாது. ஒருமுறை வாய் திறந்தால் போதும், அந்தச் சந்தில் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை நுழைத்துவிடலாம்.

அவர்கள் பேசாமலேயே செய்தார்கள். பட்டறையின் இரண்டு முனைகளில் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு வளர்ந்தன, செய்தவர்களைப் போலவே. சவ்வின் விளிம்பு எத்தனை அகலம், போல்ட் துளை எங்கே வரும் என்பதையெல்லாம் கலரக்கா சுமந்துபோய்ச் சொன்னார். ஒரு பாதி முடிந்ததும் அதற்குள் ஏணி போட்டுக் கலரடித்தார். அது காய்ந்ததும் மறு பாதிக்குள் ஏணியை மாற்றினார்.

திறப்புக்கு முதல் நாள் காலை, கூடத்தின் நடுவில் இரண்டு பாதிகளையும் நகர்த்திச் சேர்த்து போல்ட்டை முடுக்கினார்கள். விளிம்பு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. டீச்சர் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்களேன்."

கலரக்கா போனார். பின்னாலேயே சகோதரர்கள். உள்ளே மஞ்சள் சவ்வு, ஆரஞ்சு, ரோஸ், பச்சை எல்லாம் அததன் இடத்தில் அம்சமாக இருந்தன. நடுவில் ஊதா நிறத்தில் உட்கரு இருந்தது. அதற்குப் பக்கத்தில், அதே ஊதாவில், இன்னொன்றும் இருந்தது.

"இந்தா" என்றார் பெரியவர், ஓரடி தள்ளி நின்ற தம்பியைப் பார்க்காமல். "உட்கருவ அவன் பாதியில வைக்கச் சொன்னது யாருன்னு கேளு."

"அண்ணி, நான் வைக்காம விட்டிருந்தா, கஷ்டமான வேலைய நம்ம தலையில கட்டிட்டான்னு சொல்லியிருப்பாரா மாட்டாரான்னு அவர்கிட்ட கேளுங்க."

"மூத்தவன் நான் இருக்கேன். உட்கரு யார் பக்கம் வரும்னு இதுக்குக்கூடச் சொல்லி அனுப்பணுமா?"

"அப்பாகிட்டயிருந்து அச்சு வந்த மாதிரி, உட்கருவும் பரம்பரைச் சொத்துன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க."

டீச்சர் கலரக்காவின் காதில், "ரெண்டு பேருக்கும் காது கேக்கும்ல?" என்றார்.

"நல்லாக் கேக்கும் டீச்சர். உள்ள நின்னா எதிரொலி வேற."

"சரி, நீங்க ரெண்டு பாதிக்கும் பெயின்ட் அடிச்சிருக்கீங்களே. ஒரே செல்லுக்கு ரெண்டு ஊதா அடிக்கறோம்னு தோணலையா?"

தோணவில்லை என்பதுதான் உண்மை. கலரக்கா இத்தனை வருஷத்தில் முழுச் செல் ஒன்றைப் பார்த்ததே கிடையாது. பட்டறையில் செல் என்றால் வெட்டிய பாதி. பிள்ளைகள் உள்ளே பார்க்க வேண்டுமே. அந்தப் பாதிக்குள் கட்டாயம் ஓர் உட்கரு இருக்கும். மறுபாதி என்று ஒன்றை யாரும் செய்ததில்லை, கேட்டதுமில்லை. பெரியவர் பாதியைப் பார்த்தார், ஒரு உட்கரு இருந்தது, சரி. சின்னவர் பாதியைப் பார்த்தார், அதிலும் ஒன்று இருந்தது, அதுவும் சரி. இல்லாமல் இருந்திருந்தால்தான் ஓடிப்போய்க் கேட்டிருப்பார்.

"பாதின்னா அதுல ஒண்ணு இருக்கும் டீச்சர். எங்க கை அப்படியே பழகிப்போச்சு."

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, நாளைய நினைப்பும் வந்தது. "ஒண்ண அறுத்து எடுத்துட முடியுமா?"

அது முடியாது என்பதில் மட்டும் சகோதரர்கள் ஒற்றுமையாகத் தலையாட்டினார்கள். இரண்டு உட்கருவும் உள்ளே இரும்புத் தூண் வைத்துச் செய்தவை. மேல்கூரை அவற்றின் மேல்தான் நிற்கிறது. ஒன்றை எடுத்தால் பாதி செல் பிள்ளைகள் தலையில் இறங்கும்.

டீச்சர் ஒரு லைசோசோமின் மேல் உட்கார்ந்து யோசித்தார். "ரெண்டு உட்கரு உள்ள செல்லே கிடையாதுன்னு சொல்ல முடியாது. ரெண்டு விதமா வரும். ஒண்ணு, ரெண்டா பிரியப்போற செல். உட்கரு முதல்ல பிரிஞ்சு ரெண்டாயிடும், உடம்பு இன்னும் ஒண்ணாவே இருக்கும். அப்படின்னு போர்டு வைக்கணும்னா சவ்வு நடுவுல இடுப்பு மாதிரி உள்வாங்கியிருக்கணும். அங்க அறுத்து வளைக்கணும். இன்னொண்ணு, கல்லீரல் செல். அதுல நிறைய செல்லுக்கு ரெண்டு உட்கரு உண்டு. பிரியாம கடைசி வரைக்கும் அப்படியே இருந்து வேலை பார்க்கும். ஆனா கல்லீரல்னா வேலை அதிகம், மைட்டோகாண்ட்ரியா எக்கச்சக்கமா இருக்கும். இதுல இருக்கறது பத்தாது. எதுவா இருந்தாலும் இன்னைக்குள்ள முடிக்கணும். எதுன்னு நீங்க சொல்லுங்க, போர்டு எழுதிடறேன்."

"இந்தா, அவன்கிட்ட..." என்று பெரியவர் தொடங்கினார்.

"அண்ணி, அவர்கிட்ட..." என்று சின்னவரும் அதே மூச்சில் தொடங்கினார்.

கலரக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போல்ட் துளையிலிருந்து விளிம்பு அகலம் வரைக்கும் எல்லாம் மயிரிழை பிசகாமல் பொருந்தியது அவர் சுமந்த செய்தியால்தான். தான் இப்படி அலுக்காமல் சுமந்துகொண்டிருக்கும் வரைக்கும் இவர்கள் பேசத் தேவையே இல்லை என்பதும், ஜன்னல் போகப்போவது இந்தச் சமர்த்தால்தான் என்பதும், இரண்டு ஊதாவுக்கு நடுவில் நின்றபோது அவருக்கு உறைத்தது.

"நான் டீ குடிக்கப் போறேன்" என்றார்.

"இப்பவா?"

"ஆமா. டீச்சர், நீங்களும் வாங்க. இவங்க ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியும்."

கேன்டீன் கூடத்தின் பின்பக்கம்தான். கலரக்கா டீயை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, செல்லுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். சவ்வில் வருவதும் போவதும் நடக்கத் துளைகள் விட்டிருந்தார்கள். பேச்சு வந்தால் அந்த வழியாக வரட்டும். முதலில் ஒன்றுமே வரவில்லை. யாரோ செருமினார்கள். யாரோ எதையோ தட்டினார்கள். டீ ஆறத் தொடங்கியது.

"அந்த ஸ்பேனர எடு" என்றது பெரியவர் குரல்.

"எது?"

"உன் கால்கிட்ட இருக்கறது."

இரண்டு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு இவ்வளவுதான். அழகாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்பேனர்தான் தேவைப்பட்டது.

"பிரியணும்னு சொன்னவன் நீ. அப்ப பிரியற செல்லுன்னே போர்டு வைக்கச் சொல்லு."

"வைக்கலாம். நடுவுல நீங்க அறுங்க."

"நான் ஏன் அறுக்கணும்? செங்கல் வாங்கினது நீ."

"நல்லதுன்னு சொல்லி அனுப்பினது நீங்க. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீ கேட்டியா?"

"அண்ணிகிட்ட கேட்டேனே."

"அவகிட்ட கேட்டா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பெஞ்சில் டீச்சர் எழப்போனார். கலரக்கா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். உள்ளே சவ்வைத் தட்டிப் பார்க்கிற ஓசை.

"இதுல ரம்பத்த வச்சா விரிசல் மேல வரைக்கும் ஓடும்டா."

"அதத்தான் நானும் சொல்றேன். நாளைக்குள்ள ஆகாது."

"பட்டறையில மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு இருக்கு?"

"உங்களோடது ஒரு மூட்டை. என்னோடது ஒரு மூட்டை."

"ஒண்ணு மட்டும் பத்தாதா?"

"பத்தாது."

பாசம் ஜெயித்ததா, அறுக்கச் சோம்பல் ஜெயித்ததா என்று இன்றுவரைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை. கல்லீரல் என்று முடிவாயிற்று. இரண்டு மூட்டையும் வந்தன. அவரை விதையும் நூலும் ஒரே செல்லில் கலந்து கிடக்கலாமா என்று பெரியவர் டீச்சரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ரெண்டுமே சரிதான். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நீளமாகும், அப்புறம் துண்டாகி விதை மாதிரியும் ஆகும். மாறிக்கிட்டே இருக்கும்."

அவர் சொன்னதைக் கேட்டுச் சகோதரர்கள் இருவர் முகமும் வாடியது. தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்கள். இருவருமே சரியாக இருந்ததை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. அண்ணன் ஒட்டினார், தம்பி பிடித்துக்கொண்டார், கலரக்கா பின்னாலேயே ஆரஞ்சு அடித்துக்கொண்டு போனார்.

ஏணியில் நின்றபடி சின்னவர், "கொத்தனார் நாளன்னைக்கு வர்றாரு" என்றார், யாருக்கென்று இல்லாமல்.

கலரக்காவின் தூரிகை நின்றது. பெரியவர் கையிலிருந்த அவரை விதையை ஒட்டும் வரைக்கும் அழுத்திப் பிடித்தார்.

"வரட்டும். வாசல்ல தண்ணி தேங்குது. அந்தச் செங்கல்ல ஒரு மேடை கட்டச் சொல்லு."

"சரி" என்றார் சின்னவர்.

மறுநாள் திறப்பு நடந்தது. பிள்ளைகள் வரிசையில் வந்து சவ்வு வழியாக நுழைந்து, ரைபோசோமைச் சுரண்டிப் பார்த்து, வெளியே போனார்கள். கல்லீரல் செல் என்று போர்டு தொங்கியது. வேண்டுமென்றே இப்படி ஒரு நுட்பமான செல்லைத் தேர்ந்தெடுத்ததற்காகப் பேச வந்தவர் ஒருவர் பட்டறையை வெகுவாகப் பாராட்டினார். பெரியவரும் சின்னவரும் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்கள். வேறு வழி?

கலரக்காவின் மேஜை இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஜன்னலும் வெளிச்சமும் அவருக்கே. ஆனால் எதையும் முழுசாகக் கொடுக்கிற வழக்கம் இந்த உலகத்துக்குக் கிடையாது. இரண்டு வருஷம் சேர்த்துவைத்த பேச்சு முழுக்க இப்போது அந்தப் பட்டறையில் கொட்டுகிறது. ரெசினில் எத்தனை சொட்டு விட்டால் இறுகும், அப்பா எந்த வருஷம் மூக்குக்கண்ணாடி மாற்றினார், சிவப்பணுவுக்கு உட்கரு இல்லாததால் செய்ய எளிதா, அதனால் அதை மட்டுமே செய்து பிழைத்துக்கொள்ளலாமா என்று காலையில் தொடங்கினால் மாலை வரைக்கும் வாய் ஓயாது. மெல்லிய கோடு இழுக்கும்போது கலரக்காவின் கை இரண்டு தடவை பிசகிவிட்டது.

"ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருக்கக்கூடாதா?" என்றார் ஒருநாள் பொறுக்க மாட்டாமல்.

பட்டறை சட்டென்று அடங்கியது. பெரியவர் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தம்பியின் பக்கம் சாய்ந்தார்.

"டேய், உங்க அண்ணிகிட்ட கேளு, என்ன கோவமாம்?"